ஸ்லைடரை (ஒரு அளவைக் கூட்டிக் குறைக்கும் திரைப் பொத்தானை) நகர்த்தினால் வடிவம் மாறுகிறது, சரி. எந்த ஸ்லைடர் தேவை என்று எப்படி முடிவு செய்வது?

கோணமானி:
கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்து ஸ்டூடியோ முழுக்க பாராமெட்ரிக் டிசைன்தான், அதாவது அளவுகளையும் அவற்றின் உறவுகளையும் கொடுத்து வடிவத்தை வரவழைக்கும் அளவுரு வடிவமைப்பு. இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரு சிறிய நூலகத்தின் மேற்கு முகப்பு. இன்னொன்று, மேசையில் வைக்கிற அளவில் ஏதாவது ஒரு அலங்காரப் பொருள். அதைத் திரையில் காட்டினால் போதாது, செய்தே கொண்டுபோக வேண்டும்.

முகப்புக்கு கிராஸ்ஹாப்பரில் (ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளின் அளவுருக் கருவி) வொரோனாய் (சிதறிய புள்ளிகளைச் சுற்றித் தளத்தை அறை அறையாகப் பிரிக்கும் வலை) போட்டு, ஒரு அட்ராக்டர் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளிக்குப் பக்கத்தில் ஓட்டைகள் சிறிசு, தள்ளிப் போகப் போகப் பெரிசு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைக்கால ஜூரியில் (மதிப்பீட்டுக் குழுவின் முன்) எங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் ஒரே கேள்வி: "அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது?" யாரிடமும் பதில் இல்லை. இறுதி ஜூரிக்குள் அதற்கு ஒரு பதில் வேண்டும்.

பொருளுக்கு, 3 மி.மீ. எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையில் குறுக்கும் நெடுக்கும் பட்டைகள் கோத்த ஒரு மேசை விளக்கு நினைத்திருக்கிறேன். இல்லையென்றால் 3டி பிரிண்டில் ஒரு பூச்சாடி. எதில் அதிகம் கற்கலாம்?

பழையபென்சில்:
ஜூரி சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது. வொரோனாய் முகப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு காலத்தில் எல்லா மாணவர் திட்டத்திலும் கண்ணாடிப் பெட்டி இருந்தது. இப்போது எல்லாவற்றிலும் ஓட்டை.

அளவுரு வடிவமைப்பு கணினியோடு பிறந்ததும் இல்லை, வளைந்து நெளிந்த வடிவங்களோடு பிறந்ததும் இல்லை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் லூய்ஜி மொரெட்டி 1940-களிலேயே அளவுருக் கட்டடக்கலை என்று பேசத் தொடங்கிவிட்டார். 1960-ல் மிலான் ட்ரையென்னாலே கண்காட்சியில் அவர் வைத்த விளையாட்டரங்க மாதிரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஆட்டம் எப்படித் தெரிகிறது என்பதை அளவாக்கி, அந்த அளவுகளுக்கு இடையிலான உறவிலிருந்து அரங்கின் வடிவத்தை வரவழைத்தார். தொடக்கம் பார்வைக் கோணம், முடிவு வடிவம். நீங்கள் முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறீர்கள். அதனால்தான் புள்ளிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

2008-ல் கட்டடக் கலைஞர் பாட்ரிக் ஷூமாக்கர் இதையெல்லாம் ஒரு பாணியாக அறிவித்து அறிக்கை வெளியிட்டார். அன்றிலிருந்து மாணவர்கள் உறவைத் தேடுவதை விட்டு, பாணியை நகலெடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். சண்டைக்கு யாராவது வரலாம்.

முக்கோணன்:
சண்டைக்கு நான் வர்றேன். பாணியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நாங்க எல்லாரும் உள்ளே வந்தோம். பாக்குவுல ஜாஹா ஹதித் வடிவமைச்ச, வளைஞ்சு நெளிஞ்ச ஹெய்டர் அலியெவ் மையத்தோட படத்தைப் பார்க்காம இருந்திருந்தா நான் ரைனோவையே திறந்திருக்க மாட்டேன். நகலெடுக்கிறது தொடக்கம்தான், அதுல தப்பு இல்லை. அங்கேயே நின்னுடுறதுதான் பிரச்சினை.

நிழல்வேட்டை:
தம்பி, முகப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேற்கு முகப்பு என்று சொன்னீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. பிற்பகல் சூரியன் தாழ்வாக இறங்கி நேராக முகத்தில் அடிக்கும். மேலே கிடைமட்டமாக நீட்டிய சன்ஷேட் அந்த நேரத்தில் பெரிதாக உதவாது. சாய்த்து வைத்த செங்குத்துப் பட்டைகளோ, ஆழமான கட்டம் கட்டமான தடுப்போதான் வேலை செய்யும். இப்போது அட்ராக்டர் புள்ளியைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் சூரியனின் திசை வெக்டரை வையுங்கள். லேடிபக் செருகுநிரல் இலவசம். ஊருக்கான வானிலைக் கோப்பைக் கொடுத்தால் ஆண்டின் எந்த மணிக்கும் சூரியத் திசையைத் தரும். பிறகு உள்ளே பாருங்கள். வாசிப்பு மேசை எங்கே, புத்தக அடுக்கு எங்கே, படிக்கட்டு எங்கே? மேசைக்கு நேராக வருகிற ஓட்டையில் மாலை வெயில் நேரடியாக விழக்கூடாது. படிக்கட்டில் விழலாம், அது அழகும்கூட. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்ற விகிதம்தான் உங்கள் ஸ்லைடர். "இந்த ஓட்டை ஏன் சிறியது?" என்று கேட்டால், "இதற்குப் பின்னால் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லலாம்.

அபுதாபியில் 2012-ல் முடிந்த அல் பஹர் கோபுரங்களைப் பாருங்கள். கோபுரம் ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முக்கோண மடிப்புத் தடுப்புகள், வெயில் நகர நகர விரிந்து மூடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் அங்கே எந்த அலகும் "சும்மா" மூடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டதும் கிராஸ்ஹாப்பரின் தேடல் கருவியான கலாபகோஸைத் திறந்து "வெயில் குறைவாக இருக்கட்டும்" என்று இலக்கு கொடுத்துவிடாதீர்கள். பரிணாமத் தேடல் கருவிகள் நீங்கள் எதை அளக்கிறீர்களோ அதை மட்டும்தான் பார்க்கும். எல்லா ஓட்டையையும் மூடிவிட்டு "இதோ, வெயிலே இல்லை" என்று ஒரு சுவரைக் கொடுக்கும். பகல் வெளிச்சம் இவ்வளவாவது வேண்டும், மேசையில் உட்கார்ந்தால் வெளியே தெரிய வேண்டும் என்று எதிர்ப்பக்க நிபந்தனையும் வைத்தால்தான் தேடலுக்கு அர்த்தம்.

கோணமானி:
தம்பி இல்லை அண்ணா, தங்கை :) மேசையின் இடத்தை வைத்து ஓட்டையைத் தீர்மானிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் வொரோனாயை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

நிழல்வேட்டை:
மன்னிக்கணும் தங்கச்சி. கட்டங்களாகவே தொடங்குங்கள். வொரோனாய்க்கு அங்கே வேலை இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம்.

சங்கிலிவளைவு:
வொரோனாயை எல்லாரும் சேர்ந்து அடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன். நான் கட்டமைப்புப் பொறியியல் பக்கம்.

ஒரு தளத்தில் புள்ளிகளைச் சிதறவிட்டு வொரோனாய் போட்டால், பொதுவாக ஒவ்வொரு முனையிலும் மூன்று கோடுகள் சந்திக்கும். அந்தக் கோடுகளைக் கம்பிகளாகச் செய்து, முனையில் ஆணி போன்ற சுழலும் இணைப்பு வைத்தால் சட்டகம் ஆடும். முக்கோணச் சட்டகம் தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்ளும், இது காக்காது. முனைகள் வளையாமல் இறுகிப் பிடித்தால்தான் நிற்கும், அதற்குக் கம்பி தடிமனாக வேண்டும். மாணவர் மாதிரிகளில் வொரோனாய்க் கூடுகள் தொட்டாலே ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், பசை இல்லை.

இப்போது அதையே புரட்டிப் போடுங்கள். கோடுகளைக் கம்பியாக்காமல், அறைகளைத் தகடாக்குங்கள். மூன்று தகடுகளின் விளிம்புகள் ஒரு முனையில் சந்திக்கிற அமைப்பு வியக்கத்தக்க உறுதி கொண்டது. விளிம்பு வழியாக அழுத்தமும் வெட்டுவிசையும் கடந்து போகும். மூட்டு கீல் மாதிரி மடங்கக் கூடியதாக இருந்தாலும் மொத்தமும் நிற்கும். கடல் முள்ளெலி இனத்தைச் சேர்ந்த தட்டையான மணல்காசு உயிரியின் ஓடு இப்படித்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் மாணவர்களோடு சேர்ந்து 2011-ல் ஒரு ஆய்வுக் கூடாரம் கட்டினார்கள். வெறும் 6.5 மி.மீ. ஒட்டுப்பலகை, 850-க்கும் மேற்பட்ட வெவ்வேறு வடிவத் துண்டுகள், விரல்மூட்டுகளை ரோபோ வெட்டியது. அவ்வளவு மெல்லிய பலகையில் அவ்வளவு பெரிய கூடாரம் நின்றதற்குக் காரணம் அந்த மூன்று விளிம்பு விதி.

ஆக, வொரோனாய் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. கம்பியா தகடா என்பதை வரைவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

முக்கோணன்:
இது அருமை. இதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். வளைந்த பரப்பைத் துண்டு போடும்போது நாலு மூலைத் துண்டு எடுத்தா நாலு முனையும் ஒரே தளத்துல இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. மூணு முனைன்னா எப்பவுமே தட்டைதான். பிரிட்டிஷ் மியூசியத்தோட பெரிய முற்றத்துக் கூரை 2000-ல் திறந்தது, 3,312 கண்ணாடித் துண்டு. எல்லாமே முக்கோணம், ஒவ்வொண்ணும் வேற வேற அளவு. கூரையோட வடிவத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கிறிஸ் வில்லியம்ஸ். வட்டமான நடுக் கட்டடத்துக்கும் செவ்வகச் சுவருக்கும் நடுவுல கூரை வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்குமே, அது சூத்திரத்துலேர்ந்து வந்தது.

இதுக்கு நேர் எதிர் சிட்னி ஓபரா ஹவுஸ். போட்டியில ஜெயிச்ச ஓடுகளுக்குக் கணிதமே இல்லை, கட்ட முடியலை. கடைசியில 1961 வாக்குல எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரம் உள்ள ஒரே கோளத்துலேர்ந்து வெட்டி எடுக்கலாம்னு கட்டடக் கலைஞர் உட்ஸன் முடிவு பண்ணார். வளைவு எங்கேயும் ஒண்ணுதான், அதனால வார்ப்பை மறுபடி மறுபடி பயன்படுத்த முடிஞ்சது.

ஒரு பக்கம் எல்லாத் துண்டும் வேற வேற, இன்னொரு பக்கம் எல்லா வளைவும் ஒண்ணு. நம்ம கிட்ட வெட்டுற இயந்திரம் இருக்கு, எல்லாமே வேற வேறயா இருந்தா என்னன்னு மாணவர்கள் கேட்பாங்க. வெட்டுறது இயந்திரம், சரி. கோக்கிறது யாரு?

மரத்தூள்:
கோக்கிறது யாருன்னு கேட்டதுக்காகவே உள்ளே வந்தேன். ஒரு பட்டறையில லேசரும் பிரிண்டரும் பாத்துக்கிறேன். மாணவர்கள் கொண்டு வர்ற கோப்புகளைத்தான் தினமும் வெட்டுறேன்.

கோணமானி, விளக்கையே செய்யுங்க. குறுக்குப் பட்டை, நெடுக்குப் பட்டை, ரெண்டுலயும் பாதி பாதி வெட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பாக்க எளிசு. ஆனா முகப்பு சொல்லித் தராததை இது சொல்லித் தரும், ஏன்னா பொருந்தலைன்னா கையிலயே தெரியும்.

முதல் ஸ்லைடர் பலகைத் தடிமன். 3 மி.மீ.-ன்னு பேருதான். வெர்னியர் வெச்சு அளந்தா 2.8 இருக்கும், 3.1 இருக்கும், ஒரே பலகையில ரெண்டு ஓரம் வேறயா இருக்கும். அந்த எண்ணை டெஃபினிஷனுக்குள்ள (கிராஸ்ஹாப்பர்ல நீங்க கட்டுற நிரல்) நேரா எழுதி வெச்சீங்கன்னா பலகை மாறுற அன்னிக்கு மொத்தமும் போச்சு. ஸ்லைடரா வெச்சா ஒரு இழுப்புல முடிஞ்சது. ரெண்டாவது ஸ்லைடர், லேசர் தின்கிற அகலம், அதாவது கெர்ஃப். எங்க இயந்திரத்துல இந்தப் பலகைக்கு 0.15 மி.மீ. கிட்ட வருது. உங்களது வேறயா இருக்கும், லென்ஸைத் துடைச்சா அதுவும் மாறும். லேசர் கோட்டோட நடுவுல போகும், அதனால நீங்க வரையுற வெட்டு கெர்ஃப் அளவுக்கு அகலமாயிடும். 2.8 பலகை இறுக்கமா உக்காரணும்னா 2.65-ன்னு வரையணும். எதையும் நம்பாதீங்க, அதே பலகையோட ஓரத்துல 2.5-லேர்ந்து 2.9 வரைக்கும் 0.05 ஏத்தி ஏத்தி ஒரு சீப்பு மாதிரி வெட்டி, துண்டைச் சொருகிப் பாருங்க. எது கையால தள்ளினா போய் உக்காந்து, கவுத்தா விழாம நிக்குதோ அதுதான் உங்க எண்.

பட்டைகள் 90 டிகிரியில சந்திக்கிற வரைக்கும் இது போதும்.

முக்கோணன்:
90 இல்லைன்னா கணக்கு மாறும். லேசர் பலகைக்குச் செங்குத்தா மட்டும்தான் வெட்டும். ரெண்டு பட்டை கோணம் தீட்டாவுல சந்திச்சா, தடிமன் டி-ன்னு வெச்சுக்கிட்டா, வெட்டோட அகலம் டி வகுத்தல் சைன் தீட்டா, அதோட டி வகுத்தல் டேன் தீட்டாவைக் கூட்டணும். 90-ல அது டி-யே வரும். 60 டிகிரியில 1.73 டி. 45-ல 2.41 டி. அதாவது 2.8 பலகைக்கு 60 டிகிரியில 4.85 மி.மீ. வெட்டு, கெர்ஃபைக் கழிக்கிறதுக்கு முன்னால. மூலை ரெண்டு மட்டும்தான் தொடும், அதனால பிடிப்பு குறையும். அழகுக்காகப் பட்டைகளை விசிறி மாதிரி சாய்க்கிறவங்க இந்த இடத்துலதான் மாட்டுவாங்க.

மரத்தூள்:
இந்தக் கணக்கைப் பட்டறைச் சுவத்துல எழுதி ஒட்டப் போறேன். நன்றி தலைவா.

குவளைப்பித்து:
எல்லாரும் லேசர் பக்கமே பேசுகிறீர்கள். பூச்சாடிக்காக ஒரு குரல்.

வேஸ் மோட் என்று ஸ்லைசரில் (மாதிரியை அடுக்குகளாக்கிப் பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருள்) இருக்கும். ஒரே சுவர், முனை தூக்காமல் சுருளாக ஏறிக்கொண்டே போகும். நிபந்தனை கடுமையானது: ஒவ்வொரு உயரத்திலும் குறுக்குவெட்டு ஒரே ஒரு மூடிய வளைகோடாக இருக்க வேண்டும். ஓட்டை கூடாது, கிளை பிரியக் கூடாது. வொரோனாய் தானாகவே வெளியே போய்விடும், பழையபென்சில் ஐயாவுக்கு மகிழ்ச்சி. வெளிப்புறம் சாய்வு செங்குத்திலிருந்து ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் போனால் பிளாஸ்டிக் இழை தொங்கத் தொடங்கும். ஆக, குறுக்குவெட்டு என்ன, உயரம் ஏற ஏற அது எவ்வளவு திரும்புகிறது, ஆரம் எப்படி மாறுகிறது என்ற மூன்றை வைத்துக்கொண்டு, சாய்வு 45-ஐத் தாண்டும் இடத்தை மட்டும் சிவப்பாக்கிக் காட்டும்படி டெஃபினிஷனில் எழுதிவிடுங்கள். சிவப்பு வராமல் எவ்வளவு முறுக்க முடிகிறது என்று விளையாடலாம். அது ஒரு நல்ல பயிற்சி. முடிவும் இரவோடு இரவாகக் கையில் வந்துவிடும்.

விளக்கையே பிரிண்ட் செய்யலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்: பி.எல்.ஏ. என்ற பிரிண்டர் பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். எல்இடி போடுங்கள், அதற்கும் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள்.

பழையபென்சில்:
மகிழ்ச்சியேதான்.

ஆனால் கோணமானி கேட்டது எதில் அதிகம் கற்கலாம் என்று. விளக்கு என்பதே என் வாக்கும். சாடியில் இயந்திரம் பாதி முடிவுகளை உங்களுக்காக எடுத்துவிடுகிறது. விளக்கில் ஒவ்வொரு மூட்டும் உங்களுடையது. இன்னொன்று, முகப்பில் பொய் சொல்லலாம். ரெண்டரில், அதாவது கணினிப் படத்தில், எல்லா முகப்பும் நிற்கும். விளக்கு மேசையில் நிற்க வேண்டும்.

சங்கிலிவளைவு:
கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு நாள் கையால் ஏதாவது தொங்கவிட்டுப் பாருங்கள் என்பேன். கயிற்றைத் தொங்கவிட்டால் அதில் இழுவிசை மட்டும்தான். அதே வடிவத்தைக் கவிழ்த்தால் அழுத்தம் மட்டும்தான். ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டில் சொன்னது. ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் கவுடி, கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கயிறுகளைத் தொங்கவிட்டு, சின்னச் சின்னப் பைகளில் ஈயக் குண்டுகளை நிரப்பிக் கட்டி, அதைத் தலைகீழாகப் பார்த்து வடிவம் கண்டார். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. கடைசியில் கட்டி முடிந்தது நிலவறைப் பகுதி மட்டும்தான். ஒரு பையில் எடையைக் கூட்டினால் மொத்த வலையும் அசைந்து புது வடிவத்துக்கு வரும். ஸ்லைடர் என்பது அந்தப் பை. டேனியல் பைக்கரின் கங்காரு செருகுநிரலில் நாம் செய்வதும் இதேதான், வேகமாக. ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ சோப்புப் படலத்தில் செய்ததும் இந்த வழிதான்.

கையால் செய்தவர்களுக்கு கங்காரு கொடுக்கிற வடிவம் தப்பாக இருந்தால் உடனே உறுத்தும். நேரே மென்பொருளுக்குப் போனவர்கள் எது வந்தாலும் நம்பிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படித்தான்.

முக்கோணன்:
இதுல எனக்கு உடன்பாடு இல்லை. கயிறு கட்டாதவனுக்கும் விசை ஓட்டத்தை நிறத்துல காட்டினா புரியும். எல்லாரையும் 1900-க்குத் திரும்பப் போகச் சொல்ல முடியாது.

சங்கிலிவளைவு:
ஒரு பிற்பகல்தான் கேட்டேன், நூற்றாண்டைக் கேட்கவில்லை.

புதுமுனை:
இடையில் ஒரு கேள்வி. ரைனோ இல்லாதவர்கள் என்ன செய்வது?

குவளைப்பித்து:
பிளெண்டரில் ஜியோமெட்ரி நோட்ஸ் 2021-லிருந்து உள்ளேயே இருக்கிறது, இலவசம். ஸ்வெர்ச்சோக் செருகுநிரலும் உண்டு. வெட்டு, துளை, மூட்டு என்று துல்லிய அளவு வேலைக்கு ஃப்ரீகேட் அல்லது ஓப்பன்எஸ்கேட். ஓப்பன்எஸ்கேடில் எல்லாமே எழுத்துதான், மேலே நாலு வரியில் மாறிகளை எழுதிவிட்டால் அதுதான் ஸ்லைடர். தனி இழை தொடங்குங்கள், இங்கே திசை மாறிவிடும்.

கோணமானி:
விளக்கைத் தொடங்கிவிட்டேன். சீப்பு வெட்டிப் பார்த்ததில் எங்கள் பலகைக்கு 2.75 நன்றாக உட்காருகிறது. பட்டைகளை 90-லேயே வைத்துவிட்டேன். வெளி விளிம்பையும் இடைவெளியையும் மட்டும் மாற்றுகிறேன். பல்பிலிருந்து பட்டை விளிம்பு எவ்வளவு தூரம் என்பதை வைத்து உயரத்துக்கு உயரம் இடைவெளி மாறும். உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் பட்டைகள் நெருக்கம், பல்பு நேரே தெரியாது. கீழே இடைவெளி அதிகம், மேசையில் வெளிச்சம் விழும். அட்ராக்டர் புள்ளி இப்போது பல்பு!

சிக்கல் ஒன்று. குறுக்குப் பட்டை ஒவ்வொன்றும் எல்லா நெடுக்குப் பட்டைகளையும் வெட்ட வேண்டும். கிராஸ்ஹாப்பரில் முதல் பட்டை முதல் பட்டையோடு, இரண்டாவது இரண்டாவதோடு என்று ஜோடி சேர்ந்து, மூலைவிட்டத்தில் மட்டும் வெட்டு வருகிறது.

முக்கோணன்:
டேட்டா ட்ரீ, அதாவது பட்டியலைக் கிளை கிளையாப் பிரிச்சு வெக்கிற அமைப்பு. எல்லாரும் அழுகிற இடம், வாங்க வாங்க. ரெண்டு பட்டியலும் தட்டையா இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணுதான் பொருந்தும். குறுக்குப் பட்டியலை கிராஃப்ட் பண்ணுங்க. ஒவ்வொரு பட்டையும் தனித் தனிக் கிளையாகும். நெடுக்குப் பட்டியலைத் தட்டையாவே விடுங்க. இப்ப ஒவ்வொரு கிளையும் மொத்த நெடுக்குப் பட்டியலோட சேரும். வெட்டுகள் எந்தப் பட்டைக்கு உரியதோ அந்தக் கிளையிலயே வந்து நிக்கும், அப்புறம் அந்தப் பட்டையிலேர்ந்து கழிக்கிறது சுலபம். நெடுக்குக்கு இதையே மாத்திச் செய்யணும். நடுவுல எங்கேயும் ஃப்ளாட்டன் போட்டு எல்லாக் கிளையையும் ஒண்ணாக்கிடாதீங்க, எந்த வெட்டு யாருதுன்னு அதோட தொலைஞ்சு போயிடும். ஒவ்வொரு படியிலயும் ஒரு பேனல் (தரவைக் காட்டுற பெட்டி) சொருகி, கிளை எத்தனைன்னு பாருங்க.

நிழல்வேட்டை:
தங்கச்சி, விளக்கில் செய்ததையே முகப்பிலும் செய்துவிட்டால் ஜூரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒன்றில் ஒளி உள்ளிருந்து வெளியே, இன்னொன்றில் வெளியிலிருந்து உள்ளே. தர்க்கம் ஒன்றே. பல்பு இருந்த இடத்தில் சூரியன், கண் இருந்த இடத்தில் வாசிப்பு மேசை.

பழையபென்சில்:
இதைக் கேட்ட பிறகு ஜூரியில் நானே உட்கார ஆசையாக இருக்கிறது. கேள்வி வேறு கேட்பேன்: கண் மட்டம் என்றீர்களே, யார் கண்? நின்றவர், உட்கார்ந்தவர், குழந்தை? அதற்கும் ஒரு ஸ்லைடர் இருக்கட்டும்.

கோணமானி:
கிராஃப்ட் வேலை செய்துவிட்டது, நன்றி! கண் உயரத்துக்கு ஸ்லைடர் சேர்த்துவிட்டேன். நாளை வெட்டப் போகிறேன். துண்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன, எப்படி அடையாளம் வைப்பது?

மரத்தூள்:
எண் பொறிச்சிடுங்க, டெஃபினிஷனே எழுதட்டும். குறுக்குக்கு ஒரு எழுத்து, நெடுக்குக்கு வேற எழுத்து, பக்கத்துல வரிசை எண். கோத்தப்புறம் இன்னொரு பட்டை வந்து மறைக்கிற இடமா, வெட்டு ஓரத்துல வையுங்க. சாதாரண எழுத்துரு வேண்டாம், அது எழுத்தோட ரெண்டு பக்கமும் ஓடி நேரத்தைத் தின்னும், சின்ன எழுத்துன்னா கருகியும் போகும். ஒற்றைக் கோட்டு எழுத்துரு போடுங்க. பொறிக்கிற கோடும் வெட்டுற கோடும் வேற வேற லேயர்ல, வேற நிறத்துல இருக்கணும். பொறிக்கிறது முதல்ல, வெட்டுறது கடைசி. வெட்டின துண்டு நகர்ந்துட்டா எண் வேற எங்கேயோ விழும். அப்புறம் 6-க்கும் 9-க்கும் அடியில ஒரு கோடு போட்டுடுங்க.